அமெரிக்க உள்நாட்டுப் போர்: வீட்டிலிருந்து போன கடிதங்கள் எல்லாம் எங்கே?

#1 மைக்கூடு

மூன்று மாதமாக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரே வேலை: 1861 முதல் 1865 வரை வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கு இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களைப் படிப்பது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கின்றன.

ஆரம்ப வரி பெரும்பாலும் ஒன்றுதான். நான் சுகமாக இருக்கிறேன் என்று தெரிவிக்கப் பேனாவைக் கையில் எடுத்தேன், இந்தச் சில வரிகள் வந்து சேரும்போது நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் ‘நலம், நலமறிய ஆவல்’தான். அந்தச் சடங்கு முடிந்த பிறகுதான் ஆள் வெளியே வருவான். கன்றை விற்றாயா, யார் யார் கடன் பாக்கி, சின்னவனுக்குப் பல் முளைத்ததா, எனக்கு இரண்டு ஜோடி காலுறை பின்னி அனுப்பு.

என் குறை இது. படிப்பதெல்லாம் அவன் எழுதியவை. அவள் எழுதியது கண்ணில் படுவதே இல்லை. ‘நீ கேட்டதற்கு என் பதில், வேண்டாம்’ என்கிற மாதிரி ஒரு வரி வரும். அவள் என்ன கேட்டாள்? தெரியாது. அடுத்த வீட்டுக்காரர் போனில் பேசுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பது போல இருக்கிறது.

நான் தேடத் தெரியாமல் தேடுகிறேனா, அல்லது உண்மையிலேயே இல்லையா?

#2 நூலகப்பூனை

நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். உண்மையிலேயே குறைவு.

முதல் காரணம் சாதாரணமானது. வீட்டில் பெட்டி இருக்கிறது, பரண் இருக்கிறது. சிப்பாயிடம் இருப்பது முதுகில் ஒரு பை. மழையில் நனையும், ஆற்றைக் கடக்கும்போது ஊறும், நீண்ட நடைப்பயணத்தில் கம்பளியையே வழியில் வீசிவிட்டுப் போனவர்கள் உண்டு. அதில் காகிதக் கட்டு எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. சண்டைக்குப் போகும் முன் பலர் மனைவியின் கடிதங்களைத் தாங்களே எரித்தார்கள். களத்தில் செத்தவன் சட்டைப்பையைத் துழாவி, கிடைத்த கடிதத்தை முகாமில் உரக்கப் படித்துச் சிரிப்பது இரு தரப்பிலும் நடந்தது. தன் பெண்டாட்டி எழுதியதை அந்நியன் படிக்கக் கூடாது என்ற நினைப்பு.

தளபதியாக இருந்தாலும் இதே கதைதான். வடக்குப் படையின் தளபதி யுலிசிஸ் கிராண்ட், மெக்சிகோ போருக்கு முன்பே, 1844-லிருந்தே ஜூலியாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அப்போது நிச்சயம் ஆகியிருந்தது, கல்யாணம் 1848-இல். ஜூலியா பத்திரமாக வைத்திருந்ததால் அவர் கடிதங்கள் இன்றும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. ஜூலியா எழுதியவை ஏறக்குறைய இல்லவே இல்லை.

#3 ஸ்டாம்ப்_ஆல்பம்

தபால் பக்கத்தை நான் சொல்கிறேன், இதில்தான் என் பாதி ஆயுள் போனது.

வடக்கில் சாதாரணக் கடிதத்துக்கு அரை அவுன்ஸுக்கு 3 சென்ட். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். கணக்குப் பார்த்தால் பெரிய தொகை இல்லைதான். ஆனால் சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாகும், ஸ்டாம்ப் கிடைக்காது, கிடைத்தாலும் பையில் வியர்வையிலும் மழையிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வீட்டுக்கு எழுதும்போது ‘ஸ்டாம்ப் அனுப்பு’ என்று கெஞ்சுவார்கள்.

1861 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. உறையின் மேல் ‘சோல்ஜர்ஸ் லெட்டர்’ என்று எழுதி அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டால் ஸ்டாம்ப் இல்லாமலே போகும். வாங்குகிறவர் 3 சென்ட் கட்ட வேண்டும். நம் பழைய பேரிங் தபால் தெரியும் அல்லவா, அதேதான், ஆனால் அபராதம் கிடையாது. வீட்டிலிருந்து முகாமுக்கு எழுதும் பெண்ணுக்கு இந்தச் சலுகை இல்லை, முன்கூட்டியே ஸ்டாம்ப் ஒட்டியாக வேண்டும். ஆக இரண்டு பக்கச் செலவும் அவள் தலையில் விழுந்தது.

கடிதம் வீடு தேடி வருமா என்றால், பெரும்பாலும் வராது. தபால் நிலையத்தில் போய் நின்று கேட்க வேண்டும். கிளீவ்லாந்தில் ஜோசப் பிரிக்ஸ் என்ற தபால் ஊழியர், குளிர்காலத்தில் பெண்கள் களத்துச் செய்திக்காக வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் யோசனையைச் சொன்னார் என்பது தபால்துறையின் பிரியமான கதை. 1863 ஜூலை 1 அன்று 49 நகரங்களில் இலவச வீட்டு விநியோகம் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் அதற்குப் பிறகும் நடந்துதான் போனார்கள். மணியார்டர் 1864 நவம்பர் 1-இல் வந்தது, சிப்பாய்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பப் படும் பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு கொசுறு. 1862-இல் ஜனங்கள் காசைப் பதுக்கிவிட்டதால் சில்லறையே இல்லை. ஸ்டாம்ப்பையே சில்லறையாக நீட்டினார்கள். கடைக்காரர் விரலில் எல்லாம் பசை.

#4 ஒற்றைப்பனை

எல்லோரும் வடக்கையே பேசுகிறீர்கள். தெற்குப் பக்கம் வாருங்கள்.

பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்பு 1861 ஜூன் 1 முதல் தனித் தபால் நடத்தியது. டெக்சாஸைச் சேர்ந்த ஜான் ரீகன் தலைமை. 500 மைலுக்குள் 5 சென்ட், தாண்டினால் 10. 1862 ஜூலையிலிருந்து எங்கே போட்டாலும் 10. தபால்துறை தன் வருமானத்திலேயே நடக்க வேண்டும் என்று அவர்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அங்கே சிப்பாயின் சம்பளம் 11 டாலர், அந்த டாலரும் நாளுக்கு நாள் காகிதமாகிக்கொண்டிருந்தது.

காகிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. கடற்கரை முற்றுகையால் எழுதும் தாள் அருமையாகிவிட்டது. சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்தை வெட்டி, பூ உள்பக்கம் போகும்படி மடித்து உறை செய்தார்கள். வந்த உறையைப் பிரித்து, உள்ளை வெளியாகத் திருப்பி ஒட்டி மறுபடி அனுப்பினார்கள். ஒரே தாளில் இடமிருந்து வலமாக எழுதி முடித்து, தாளை ஒரு திருப்புத் திருப்பி, அந்த வரிகள் மேலேயே குறுக்காக எழுதுவதும் உண்டு. படித்துப் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும். உணர்ச்சியால் அல்ல.

1863 ஜூலை 4 விக்ஸ்பர்க் விழுந்தது, சில நாளில் மிசிசிப்பி ஆறு முழுக்க வடக்கின் கையில். ஆற்றுக்கு மேற்கே டெக்சாஸில் மனைவி, கிழக்கே வர்ஜீனியாவில் கணவன் என்றால் கடிதத்தை ஆள்வைத்துத் திருட்டுத்தனமாக ஆற்றைக் கடத்த வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், அரை அவுன்ஸுக்கு 40 சென்ட்.

எல்லைக்கு இந்தப்புறம் மகன், அந்தப்புறம் தாய் என்ற குடும்பங்களுக்கு வெள்ளைக்கொடித் தபால்தான் வழி. வர்ஜீனியாவின் ஃபோர்ட் மன்றோ வழியாகப் போகும். ஒரே பக்கம், குடும்ப விஷயம் மட்டும், உறையை ஒட்டக் கூடாது. இரண்டு அரசின் ஸ்டாம்ப்பும் வேண்டும்.

#5 மைக்கூடு

அடேயப்பா. நன்றி. ஒரு சந்தேகம்: ஒட்டாத உறை என்கிறீர்களே, அப்படியானால் எல்லாக் கடிதங்களையும் தணிக்கை செய்தார்களா? நான் படித்தவற்றில் மேலதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்களே.

#6 நூலகப்பூனை

கைதிகளின் கடிதங்களும் எல்லை தாண்டும் கடிதங்களும்தான் படிக்கப்பட்டன. சாதாரண முகாம் கடிதத்துக்கு ஒழுங்கான தணிக்கை இல்லை. பின்னால் வந்த உலகப்போர்க் கடிதங்களில் கறுப்பு மை பூசியிருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். எங்கே முகாம், எத்தனை பேர் செத்தார்கள், தளபதி குடிகாரன், சாப்பாட்டு பிஸ்கட்டில் புழு, எல்லாம் அப்படியே போனது. வரலாற்றாசிரியர்கள் இந்தப் போரை விழுந்து விழுந்து எழுதுவதற்கு இது ஒரு காரணம்: எழுதத் தெரிந்த ஒரு பெரும்படை, வாயைக் கட்டாத தபால்.

#7 ரயிலடி

சல்லிவன் பல்லூவைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த இழைக்கே அது அவமானம்.

ரோட் ஐலண்ட் படையில் மேஜர், வக்கீல், வயது 32. 1861 ஜூலை 14 அன்று வாஷிங்டன் முகாமிலிருந்து மனைவி சாராவுக்கு எழுதுகிறார். நாட்டின் மேல் உள்ள கடனும் உன் மேல் உள்ள காதலும் என்னை இரண்டு பக்கமும் இழுக்கின்றன, நான் செத்துப்போனால் உன் கன்னத்தில் படும் இளங்காற்று என் மூச்சு என்று நினைத்துக்கொள் என்கிறார். ஒரு வாரத்தில் புல் ரன் சண்டை, பீரங்கிக் குண்டில் கால் போனது, சில நாளில் ஆளும் போனார். சாரா மறுமணம் செய்யவில்லை, 1917 வரை வாழ்ந்தார். 1990-இல் தொலைக்காட்சி ஆவணப்படத்தில் இதை வாசித்தபோது அமெரிக்காவே அழுதது. நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

#8 நூலகப்பூனை

ரயிலடி, கோபிக்காதீர்கள். அழகான கடிதம்தான். ஆனால் இரண்டு விஷயம். அவர் அதைத் தபாலில் போடவே இல்லை, இறந்த பிறகு அவர் பெட்டியில் இருந்தது. அப்புறம், அவர் கையால் எழுதிய மூலம் இன்று இல்லை. இருப்பவை பிரதிகள், ஒன்றுக்கொன்று சொற்கள் மாறுகின்றன. பொய் என்று சொல்ல வரவில்லை. அழகான கடிதத்தைக் கண்டால் ஒரு முறைக்கு இரண்டு முறை தட்டிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

தெற்கத்தியத் தளபதி பிக்கெட்டின் காதல் கடிதங்கள் என்று அவர் விதவை வெளியிட்டவற்றில் பெரும்பகுதி அந்த அம்மாவே பிற்பாடு எழுதியவை என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் முடிவு. லிங்கன் 1864 நவம்பரில் பாஸ்டனின் லிடியா பிக்ஸ்பிக்கு எழுதிய புகழ்பெற்ற இரங்கல் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மகன்களைக் களத்தில் இழந்த தாய் என்கிறது கடிதம். களத்தில் செத்தவர்கள் இருவர்தான். மூலக் கடிதம் காணோம். எழுதியது லிங்கனா, அவர் செயலாளர் ஜான் ஹேயா என்ற சண்டையும் ஓயவில்லை.

கன்றுக்குட்டி விலை கேட்கும் கடிதத்தை யாரும் போலியாக எழுத மாட்டார்கள். அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

#9 ரயிலடி

கன்றுக்குட்டிக் கடிதத்தை வைத்து யாராவது அழுதிருக்கிறார்களா சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு கடிதம் மனுஷனை உலுக்குகிறது என்றால் அதன் மூலம் எந்தப் பெட்டியில் என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன். பிக்கெட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பல்லூவை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.

#10 கருக்கல்

பல்லூவும் பிக்கெட்டும் கிடக்கட்டும். #1-இல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மனைவி எழுதியது இருக்கிறது. ஆனால் அது எப்படித் தப்பியது என்று பாருங்கள்.

வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் பலரின் மனைவி மக்கள் இன்னும் அடிமைகள். மிசௌரி மாநிலம் வடக்கோடுதான் இருந்தது, ஆனால் அங்கே அடிமை முறை சட்டப்படி நடந்தது. 1863 டிசம்பர் 30 அன்று மிசௌரியில் மெக்சிகோ என்ற ஊரிலிருந்து மார்த்தா குளோவர், படையில் சேர்ந்துவிட்ட கணவன் ரிச்சர்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. நீ போனதிலிருந்து எனக்குத் துன்பத்தைத் தவிர வேறொன்றுமில்லை. நீ போனதற்காக என்னை வதைக்கிறார்கள். முந்தாநாள் அடித்த அடி கேவலமான அடி. இந்தச் சின்னஞ்சிறுசுகளோடு என்னை இந்த நிலையில் விட்டுப் போயிருக்கக் கூடாது நீ. இப்படியே போகிறது. இன்றிரவு ஒரு விருந்துக்குக் கூப்பிட்டார்கள், இருக்கிற கவலையில் போகவில்லை என்று நடுவில் ஒரு வரி. அந்த வரியில்தான் எனக்கு அந்த அம்மா உயிரோடு எழுந்து வந்தார்.

பக்கத்து மாவட்டத்தில் ஆன் என்ற பெண் 1864 ஜனவரியில் கணவன் ஆண்ட்ரூ வாலன்டைனுக்கு எழுதச் சொல்லி ஒருவர் எழுதித் தருகிறார். எழுதித் தந்தவர் அடியில் தன் பங்குக்கு ஒரு குறிப்பு சேர்க்கிறார்: அடிக்கடி எழுதாதே, மாதம் ஒன்று போதும். பதில் எழுதும்போது கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாதே, காட்டினால் அவளுக்குக் கடிதங்கள் போய்ச் சேராது. அவள் எஜமான் அவளை என் வீட்டுக்கு வரக் கூடாது என்று தடுத்துவிட்டான், தனியாகப் படித்துக் காட்ட வழியில்லை.

‘பதில் எழுதும்போது பதில் என்று தெரியாமல் எழுது.’ மைக்கூடு, நீங்கள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்கிறீர்கள். அங்கே சுவரே வேண்டுமென்று கட்டப்பட்டது.

#11 கருக்கல்

தொடர்ச்சி. ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் என்பவரையும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

புகையிலை வேலை செய்த அடிமை, படையில் சேர்ந்தார். 1864 செப்டம்பர் 3 அன்று செயின்ட் லூயிஸ் அருகே ராணுவ மருத்துவமனையிலிருந்து இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று அடிமைகளாக இருந்த தன் மகள்களுக்கு: கவலைப்படாதீர்கள், உயிரைக் கொடுத்தாவது உங்களைக் கொண்டுவருவேன். மற்றது மகள் மேரியை வைத்திருந்த எஜமானி கிட்டி டிக்ஸுக்கு. மேரியை நான் திருடப் பார்க்கிறேன் என்றாயாமே, அவள் கடவுள் எனக்குக் கொடுத்த பிள்ளை, எத்தனை நாள் அவளை வைத்திருக்கிறாயோ அத்தனை நாள் நரகத்தில் வேகப் போகிறாய், நாங்கள் கிளாஸ்கோ ஊருக்குப் படையோடு வருகிறோம். எழுத்துப் பிழைகள் ஏராளம், ஒரு வாக்கியத்தில்கூடத் தயக்கம் இல்லை.

அந்தக் கடிதங்கள் எப்படித் தப்பின? கிளாஸ்கோவின் தபால் அதிகாரி, கிட்டியின் சொந்தச் சகோதரர். அவர் இரண்டையும் மிசௌரியில் வடக்குப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பி, இந்த ஆளை மாநிலத்தை விட்டே அனுப்புங்கள் என்று புகார் செய்தார். புகாரோடு இணைத்த காகிதம் என்பதால் ராணுவக் கோப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பன் மகளுக்கு எழுதியதைப் பகையாளிதான் நமக்குக் காப்பாற்றித் தந்திருக்கிறான். குடும்பம் பின்னால் ஒன்று சேர்ந்தது. ரைஸ் போதகரானார். மேரி முதுமையில், 1937-இல், அப்பாவைப் பற்றிச் சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

#12 ரயிலடி

இதைப் படித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி கருக்கல்.

#13 பழுப்புத்தாள்

ஆன்லைனில் பழைய கையெழுத்தைத் தட்டச்சு செய்து தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. கருக்கல் சொன்ன ‘கோப்பில் மாட்டிக்கொண்ட கடிதம்’ என்பதற்கு இன்னொரு பெரிய கிடங்கு இருக்கிறது: பென்ஷன் கோப்புகள்.

1862 ஜூலையில் வந்த சட்டப்படி, செத்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர். மனைவி இல்லையென்றால் அவனை நம்பியிருந்த தாய்க்கு. விதவை கல்யாணத்தை நிரூபிக்க வேண்டும். தாய், மகன் பணம்தான் தன்னைக் காப்பாற்றியது என்று நிரூபிக்க வேண்டும். எதை வைத்து? ‘அம்மா, இதோடு பத்து டாலர் அனுப்பியிருக்கிறேன்’ என்ற கடிதத்தை வைத்து. மகன் எழுதியவற்றில் மிச்சமிருந்த ஒன்றிரண்டையும் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அசல்தான், நகல் எடுக்க ஏது மெஷின்? கோப்பில் சேர்ந்தது திரும்பி வரவில்லை. அந்த அம்மா பென்ஷன் வாங்கினாள், மகன் கையெழுத்தை இழந்தாள். இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் நாம் அதைப் படிக்கிறோம்.

ஒரு முறை நான் தட்டச்சு செய்த கடிதத்தில், பணத்தைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில் மட்டும் வேறு மையில் ஒரு கோடு இழுத்திருந்தது. குமாஸ்தாவுக்கு அந்த ஒரு வரி போதும். மீதி முழுக்க அந்தப் பையன் தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரித்திருந்தான்.

இப்படிப்பட்ட விதவைகளின் கோப்பு ஒன்றில்தான் சில வருடங்களுக்கு முன் இன்னொன்று கிடைத்தது. 1866 ஜனவரியில் வாஷிங்டன் ஹேர்வுட் மருத்துவமனையில் காசநோயில் படுத்திருந்த ஜாபோ என்ற சிப்பாய் மனைவிக்கு அனுப்பியது. அவருக்கு எழுதத் தெரியாது. அதனால் நண்பர் ஒருவர் எழுதித் தருகிறார் என்று சொல்லி, அடியில் அந்த நண்பரின் கையெழுத்து: வால்ட் விட்மன். ஆமாம், கவிஞர்தான். மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ச் சிப்பாய்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். போர் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை போலிருக்கிறது.

#14 செவ்வரளி

நான் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்தப் போரில் குண்டில் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் டைபாய்டிலும் செத்தவர்கள் அதிகம், கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் வீட்டுக்குத் தகவல் சொல்ல அரசாங்கத்தில் ஒழுங்கான ஏற்பாடு எதுவும் இல்லை. பத்திரிகையில் பட்டியல் வரும், பெயர்கள் தப்பும் தவறுமாக. உண்மைச் செய்தி தோழனோ, நர்ஸோ, படையின் பாதிரியாரோ எழுதும் கடிதத்தில்தான் வரும்.

அந்தக் கடிதங்களுக்கும் ஒரு வடிவம் உண்டு. கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சொன்னான், வலியில் துடித்தானா, எங்கே புதைத்தோம், என்ன அடையாளம் வைத்தோம். சாவுப் படுக்கைக்கு அருகில் இருக்க முடியாதவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தும் கடிதங்கள். எங்கள் வார்டில் தூரத்து உறவினர்கள் போனில் கேட்ட கேள்விகளும் இவையேதான், வரிசைகூட மாறாது.

சில பேர் தாங்களே எழுதினார்கள். மிசிசிப்பிக்காரப் பையன் ஜேம்ஸ் மான்ட்கோமரி, 1864 மே 10, வர்ஜீனியாவில் ஸ்பாட்சில்வேனியா. வெடிகுண்டுச் சில்லில் தோள் சிதைந்துவிட்டது. அப்பாவுக்கு இதுதான் கடைசிக் கடிதம் என்று ஆரம்பித்து எழுதினான். தாளில் ரத்தக் கறை இன்னும் இருக்கிறது. நண்பன் ஒருவன் பிறகு புதைத்த இடத்தின் அடையாளத்தை எழுதி அனுப்பியும் குடும்பத்தாருக்குக் கல்லறை கிடைக்கவே இல்லை.

எழுத்தே இல்லாமல் வந்த கடிதம் என்று ஒன்றையும் சொல்லலாம். 1863-இல் கெட்டிஸ்பர்கில் செத்த ஒரு சிப்பாயின் கையில் மூன்று குழந்தைகளின் புகைப்படம், வேறு எந்த அடையாளமும் இல்லை. அக்டோபர் 19 அன்று ஃபிலடெல்ஃபியா பத்திரிகை ஒன்று ‘இவன் யாருடைய தகப்பன்?’ என்று கேட்டு, குழந்தைகளின் தோற்றத்தை வார்த்தையிலேயே வர்ணித்தது. பத்திரிகையில் புகைப்படம் அச்சடிக்க முடியாத காலம். நியூயார்க்கின் போர்ட்வில்லில் ஃபிலிண்டா ஹூமிஸ்டன் அந்தச் செய்தி மூலம்தான் தான் விதவை என்பதைத் தெரிந்துகொண்டாள். அந்தப் படத்தை அவனுக்கு அனுப்பியதே அவள்தான். வீட்டிலிருந்து போன தபால் ஒன்று, கடைசி வரை அவன் கையில் இருந்தது.

#15 கடைசி_பெஞ்ச்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். என் அப்பா ராணுவத்தில் இருந்தார். அவர் அனுப்பிய இன்லண்ட் லெட்டர்கள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. அம்மா எழுதியதில் ஒன்றுகூட இல்லை. இந்த இழை தொடங்கும் வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

#16 நூலகப்பூனை

விலகல் இல்லை. ஆனால் அதற்குத் தனி இழை போடுங்கள், நிறையப் பேர் வருவார்கள்.

#17 ஸ்டாம்ப்_ஆல்பம்

ஒரு வாக்குமூலம். கடிதங்கள் காணாமல் போனதற்கு எங்கள் கூட்டமும் ஒரு காரணம். பழைய உறை கிடைத்தால் சேகரிப்பாளர்களுக்கு ஸ்டாம்ப்பும் முத்திரையும்தான் முக்கியம். உள்ளே இருந்த கடிதத்தை உருவிப் போட்டுவிட்டு உறையை மட்டும் விற்றார்கள். அதற்கு முந்தைய தலைமுறை உறையையும் வெட்டி, ஸ்டாம்ப்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து உரித்தது. வெள்ளைக்கொடித் தபால் உறைகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று ஒன்றுக்கும் சொல்ல முடியாது.

#18 கருக்கல்

அதைச் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

#19 பழுப்புத்தாள்

பெண் குரல் தேடுகிறவர்களுக்கு இன்னொரு வழி: சிப்பாய் வேஷத்தில் இருந்த பெண். சாரா ரொசெட்டா வேக்மேன், நியூயார்க் மாநிலத்து விவசாயக் குடும்பத்தின் மூத்த மகள். 1862 ஆகஸ்டில் லையன்ஸ் வேக்மேன் என்ற ஆண் பெயரில் 153-வது நியூயார்க் படையில் சேர்ந்தாள். வீட்டுக்குப் பணம் அனுப்பினாள், பண்ணையைப் பற்றிக் கேட்டாள், சில கடிதங்களில் ரொசெட்டா என்றே கையெழுத்துப் போட்டாள். தணிக்கை இல்லாத தபாலின் அருமை இங்கே தெரிகிறது, ஒரு கடிதத்தை யாராவது பிரித்திருந்தால் கதை முடிந்தது. 1864 ஏப்ரல் 9 லூசியானாவில் பிளசன்ட் ஹில் சண்டை. நாலு மணி நேரம் குண்டுக்கு நடுவில் இருந்தேன், ராத்திரி முழுக்கக் களத்திலேயே படுத்திருந்தேன் என்று ஏப்ரல் 14 அன்று வீட்டுக்கு எழுதினாள். நம்மிடம் இருக்கும் அவள் கடிதங்களில் அதுதான் கடைசி. ஜூன் 19 அன்று நியூ ஆர்லியன்ஸில் வயிற்றுப்போக்கில் இறந்தாள். கல்லறையில் இன்றும் லையன்ஸ் வேக்மேன்தான். குடும்பத்தார் பரணில் வைத்திருந்த கடிதங்கள் 1994-இல்தான் அச்சுக்கு வந்தன.

#20 மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் இழை பக்கம் வராததற்குக் காரணம், தேடியது கிடைத்துவிட்டது.

இரண்டு பக்கமும் தப்பிய ஒரு ஜோடி. டெக்சாஸின் ஹாரிசன் மாவட்டம், தியோஃபிலஸ் பெர்ரி, ஹாரியட் பெர்ரி. அவர் 28-வது டெக்சாஸ் குதிரைப்படையில் கேப்டன், குதிரையைப் பறித்துக்கொண்டு நடக்க விட்ட படை. அவள் வீட்டில். 1862 முதல் 1864 வரை அவரும் எழுதியிருக்கிறார், அவளும் எழுதியிருக்கிறாள், இரண்டும் இருக்கின்றன. இப்போது டியூக் பல்கலைக்கழகத்தில்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அடிமைகள் வைத்திருந்த வசதியான குடும்பம். கருக்கல் எழுதியதைப் படித்துவிட்டு இதைப் படிக்கும்போது பக்கத்துக்குப் பக்கம் உறுத்துகிறது. ஹாரியட் தன் தனிமையைப் பற்றி எழுதுகிறாள், அடுத்த பத்தியில் அடிமைகள் விவகாரம் வருகிறது, இன்னாரை என்ன செய்வது என்று. மார்த்தா குளோவர் கடிதத்தில் அடிக்கிற கை எந்தப் பக்கத்தில் இருந்ததோ, அந்தப் பக்கத்து வீடு இது. இருந்தாலும் படிக்கிறேன். அவர் ‘நீ கேட்டாயே’ என்று எழுதினால், முந்தைய கடிதத்துக்குப் போய் அவள் கேட்டதை எடுத்துப் பார்க்க முடிகிறது. மூன்று மாதத்தில் முதல் தடவை.

பழுப்புத்தாள், உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தேதியை இரண்டு தடவை சரிபார்த்தேன். தியோஃபிலஸ் பெர்ரிக்கு உயிர் போகும் காயம் பட்டதும் பிளசன்ட் ஹில்லில்தான். அதே ஏப்ரல் 9. ரொசெட்டா ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்த அதே களம்.

#21 பழுப்புத்தாள்

அடக் கடவுளே.

#22 ஸ்டாம்ப்_ஆல்பம்

மைக்கூடு, ஹாரியட் கடிதங்களின் உறைகள் இருக்கின்றனவா? ஸ்கேனில் தெரிந்தால் முகவரிப் பக்கத்தைப் போடுங்கள். ஓடிக்கொண்டே இருக்கிற படைக்கு டெக்சாஸிலிருந்து எப்படி முகவரி எழுதினாள் என்று பார்க்க வேண்டும். இந்தத் தடவை கடிதத்தையும் சேர்த்தே படிக்கிறேன்.